பின்சுவர்ப் பஞ்சு

அந்த அரங்குக்கு ஒரு பொல்லாத வியாதி இருந்தது. மேடையில் யார் வாயைத் திறந்தாலும், சத்தம் வளைந்த பின்சுவரில் மோதி அங்கிருந்தே வருவது போலக் கேட்கும். கூட்டத்தில் பாதிப்பேர் பேச்சாளருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பின்னால் திரும்பிப் பார்ப்பார்கள். இதைச் சரிசெய்ய வந்த மைக்செட் ஆளை எல்லோரும் மைக்காரர் என்பார்கள். மனிதருக்குக் காது கூர்மை. மற்றதெல்லாம் கொஞ்சம் மந்தம்தான்.

காலையில்தான் பின்சுவர் முழுக்க, எதிரொலியை விழுங்கும் பஞ்சுப் பலகை அடித்து முடித்திருந்தார். மதியம் அவருடைய தங்கை மூச்சிரைக்க ஓடிவந்தாள். உதடு கிழிந்திருந்தது. ஒரு கண் வீங்கி மூடியே போயிருந்தது.

"அண்ணா, இரும்புக் கம்பியோட வர்றாரு. இன்னைக்கு என்னைக் கொன்னுடுவாரு."

 மைக்காரர் பதறி அவளை மேடைக்கு அடியில் தள்ளினார்.

"இங்கயே இரு. நீ அழுதாலும் சத்தம் பின்னாடியிருந்துதான் கேக்கும். அவன் அங்க போய்த் தேடட்டும், நாம இப்படியே வெளிய ஓடிடலாம்."

பல மாதம் அந்த எதிரொலியோடு மல்லுக்கட்டியதில் அரங்கின் பழைய குணமே தலையில் ஊறிப்போயிருந்தது. தன் கையாலேயே அதை மாற்றிவிட்டதைப் பதற்றத்தில் சுத்தமாக மறந்துவிட்டார். இப்படி ஒரு மடத்தனம் செய்ய அந்தத் தொழில்காரரால்தான் முடியும்.

கதவை உதைத்துக்கொண்டு தங்கையின் புருஷன் உள்ளே வந்தான். "எங்க மச்சான் அவ?"

"இங்க வரல மாப்ள."

கம்பி தோளில் இறங்கியது. எலும்பு முறிந்து மைக்காரர் சுருண்டு விழுந்தார்.

"என்கிட்டயே பொய்யா?" என்று அவன் கத்தினான். அந்தக் கத்தல் திரும்பி வரவில்லை. பஞ்சுப் பலகை அடித்தது மைக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்குள் அண்ணன் அடிபட்டது பொறுக்காமல் தங்கை விம்மிவிட்டாள். விம்மல் மேடைக்கு அடியிலிருந்தே தெளிவாகக் கேட்டது.

அவன் நேரே அங்கே போனான். முடியைப் பிடித்து வெளியே இழுத்து, அவள் தலையை மேடை விளிம்பில் மோதினான். அவன் காலைக் கட்டிக்கொண்ட மைக்காரருக்கு முகத்திலேயே உதை விழுந்தது. பல் உடைந்து வாயெல்லாம் ரத்தம். அப்படியே ஊர்ந்துபோய் ஆம்ப்ளிஃபயரின் சத்தக் குமிழை முழுசாகத் திருகி, மைக்கை ஸ்பீக்கரின் முகத்துக்கு நேரே பிடித்தார். எந்த மைக்காரரும் தெரிந்து செய்யாத காரியம் அது. ஸ்பீக்கர் ஊளையிட்ட ஊளையில் அவன் கம்பியைப் போட்டுவிட்டு இரண்டு காதையும் பொத்தினான்.

கம்பியைத் தங்கை எடுத்தாள். முதல் அடியில் அவன் மண்டியிட்டான். அடுத்த அடியில் மண்டை பிளந்தது. அவள் நிறுத்தவில்லை. இத்தனை வருஷம் வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுப்பவள் போல அடித்தாள்.

"போதும்மா, செத்துடுவான்!" என்று அண்ணன் மைக்கை எறிந்துவிட்டு அலறினார்.

ஊளை கேட்டு வாட்ச்மேனும் தெருவில் போனவர்களும் ஓடிவந்தார்கள். மைக்காரர் தட்டுத்தடுமாறி எழுந்து தங்கையிடமிருந்து கம்பியைப் பிடுங்கிக்கொண்டார்.

"நான்தான் அடிச்சேன்," என்றார்.

தங்கை கம்பியைத் திரும்ப வாங்கினாள்.

"இல்ல, நான்தான். செத்துட்டானான்னு யாராவது பாத்துச் சொல்லுங்க. இல்லேன்னா இன்னும் ரெண்டு போடணும்."