நம்பர் எடு

"எடு, எடு! அவன் நம்பர எடு!"

கன்னையா ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தார். ரமணி மடியில் கிடந்த வீடியோ கேமராவைத் தூக்கி முன்கண்ணாடிக்கு நேராகப் பிடித்தாள். சிக்னல் போடாமல் குறுக்கே வந்த வேன், சிவப்பு விளக்கில் நிற்காத மினிபஸ், வால் விளக்கு எரியாத லோரி என்று பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான் வரும்வரை அவளுக்கு ஓய்வில்லை. காப்பாரில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போகிறோம் என்று பெயர்தான். போய் இறங்கும்போது கை கடுத்து, ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட நேராகப் பிடிக்க முடிவதில்லை.

கேமரா மகன் ராதாகிருஷ்ணன் ஆசைப்பட்டு வாங்கியது. போன வருடம் காப்பார் சாலையில் அவனுடைய மோட்டார் சைக்கிளை இடித்த லோரி நிற்காமல் போய்விட்டது. "ஒருத்தன்கூட நம்பர எடுக்கலையே" என்று சாவு வீட்டில் புலம்பிய மனுஷன், அதையே வேலையாக எடுத்துக்கொண்டார். போலீஸ் நிலையத்தில் கேசட்டுகளை மரியாதையாகத்தான் வாங்கி வைக்கிறார்கள். யாரும் போட்டுப் பார்ப்பதாக ரமணிக்குத் தோன்றவில்லை. அதை அவரிடம் சொல்லத் தெம்பும் இல்லை.

காலிக் கேசட் தீர்ந்தால் வீட்டில் கையில் அகப்பட்டதைப் போட்டுவிடுவார். குடும்பத்தோடு பத்துமலைக்குப் போனது அப்படித்தான் அழிந்தது. மகன் படியேறிய இடத்தில் இப்போது ஒரு டாக்சி கோடு மாறுகிறது. அன்றிலிருந்து, மிச்சமிருந்த ஒரே கேசட்டை ரமணி கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைகிறாள். மகனின் இருபத்தொன்றாவது பிறந்தநாள் கேசட்.

கிள்ளான் பாலம் தாண்டியதும் கேமரா நின்றது.

"முடிஞ்சிருச்சுங்க."

"உன் பேக்குல ஒண்ணு இருக்குல்ல? அதப் போடு."

அவருக்குத் தெரிந்திருக்கிறது.

"அது புள்ளையோடதுங்க."

"ஆரம்பம் கொஞ்சம்தான் போகும் லா. அங்க பாரு, எண்ணெய் எடுக்கிற செம்பனக் குலைய ஏத்திக்கிட்டு எப்படி ஆடிக்கிட்டுப் போறான்! இவனாக்கூட இருக்கலாம்."

எல்லா லோரிக்கும் இதைத்தான் சொல்கிறார். ரமணி கேசட்டை மாற்றினாள். கேமராவைத் தூக்கிப் பிடித்தாள்.

"எடுக்குதா?"

"ம்."

கன்னையா திரும்பிப் பார்த்தார். கேமரா ஓடினால் எரியும் சிவப்புப் பொட்டு எரியவில்லை.

"ஏன் அமுக்கல?"

"என்னால முடியலங்க. இடிச்சவன் எந்த கேசட்லயும் அகப்பட மாட்டான். நம்ம புள்ள இது ஒண்ணுலதான் இருக்கான்."

கார் அப்படியே நின்றுவிட்டது. கன்னையா சிக்னலும் போடவில்லை, ஓரம் கட்டவும் இல்லை. குலை லோரி தன்பாட்டில் போய் மறைந்தது. ரமணி வேறு பொத்தானை அமுக்கிவிட்டு, கேமராவின் சின்னக் கண்ணாடியில் கண்ணை வைத்தாள். அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்க முடியும்.

"என்ன பண்றான்?"

"நீங்க சாவி குடுக்கிறீங்க. தலைக்கு மேல தூக்கிக் காட்டுறான்."

தங்கத்தாள் ஒட்டிய பெரிய அட்டைச் சாவி. இருபத்தொன்று ஆகிவிட்டது, இனி எந்நேரமும் வீட்டுக்கு வரலாம், யாரும் கேட்கமாட்டோம் என்று பெற்றவர் கையால் கொடுப்பது.

"இங்க குடு."

பின்னால் ஹார்ன் காதைக் கிழித்தது. ஒரு லோரிக்காரன் ஒடித்துத் திருப்பி, பக்கத்தில் வந்து கத்தினான். "அங்கிள்! நடு ரோட்ல நிப்பாட்டிட்டு என்ன லா பண்றீங்க? ஒங்களுக்கெல்லாம் யாரு லைசென்ஸ் குடுத்தது?"

கன்னையா கேமராவிலிருந்து நிமிரவில்லை.

"கறுப்பு வெள்ளையால்ல தெரியுது" என்றார்.

"தங்கக் கலருங்க. நீங்கதான ஒட்டுனீங்க."

அவர் ஒரு கண்ணை இறுக்கி மூடி, மறு கண்ணைக் கேமராவில் புதைத்திருந்தார். வலது கை மட்டும் ஜன்னலுக்கு வெளியே நீண்டு, பின்னால் வரும் வண்டிகளைப் போங்கள், போங்கள் என்று அசைத்துக்கொண்டிருந்தது.