ஜக்கை விட்ட கை

என் வேலை பொருளைக் கீழே போடுவது. சிரிக்க வேண்டாம், சம்பளம் தருகிறார்கள். கண்ணாடிச் சாமான் செய்கிற கம்பெனியில் சோதனை அறை என்று ஒன்று உண்டு. டம்ளரோ தட்டோ, புதிதாக எது செய்தாலும் நான் அதை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு நிற்பேன். கேமராக்காரப் பெண் பெரிய விளக்கைப் போடுவாள். அது அடுப்பு மாதிரி கொதிக்கும், மூன்று நொடிக்கு மேல் எரியவிட முடியாது. விளக்கு வந்ததும் கையை விட வேண்டும். அவ்வளவுதான். பதினோரு வருஷமாக இதே பிழைப்பு. நடுவில் ஒரு மெஷின் வைத்துப் பார்த்தார்கள். மெஷின் நேராகப் போடும். வீட்டில் எவன் நேராகப் போடுகிறான்? என்னையே திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

விழுவதைக் கேமரா பிடிக்கும். பிறகு திரையில் மெதுவாக ஓட்டுவார்கள். அதை எல்லாரும் போனில் பார்க்கிற மாதிரியும் கம்பெனி போட ஆரம்பித்தது. பத்து லட்சம் பேர் பார்த்தார்கள் என்று மேனேஜர் சொன்னார். எண்ணியது யார் என்று கேட்டேன். உடைவதைப் பார்த்தால் தூக்கம் நன்றாக வருகிறது என்று ஒருத்தி எழுதியிருந்தாளாம். வேலை இல்லாதவர்கள் என்று திட்டினேன். ஆனால் சாப்பாட்டு வேளையில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் அந்தத் திரையைத்தான் பார்ப்பேன்.

தண்ணீர் நிரப்பிய டம்ளர், குளத்துக்குள் இறங்குவது மாதிரி இறங்கும். சத்தமே இருக்காது. தரையைத் தொடும். ஒன்றும் ஆகாது. யாரோ பதமாக வைத்துவிட்டுப் போன மாதிரி உட்கார்ந்திருக்கும். அப்புறம் அடியிலிருந்து முடி போல ஒரு கோடு மேலே ஏறும். நின்று யோசிக்கும். மறுபடி ஏறும். பிறகு துண்டுகள் ஒவ்வொன்றாக, கல்யாண வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் மாதிரி, போகட்டுமா இருக்கட்டுமா என்று விலகும். டம்ளர் போய்விடும். தண்ணீர் மட்டும் டம்ளர் உருவத்திலேயே நிற்கும். யாரும் அதற்கு இன்னும் விஷயத்தைச் சொல்லவில்லை. அந்த இடம் வரும்போது கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகாது.

இதெல்லாம் வீட்டில் ஜக்கு உடைகிற வரைக்கும்தான்.

நீலக் கண்ணாடி ஜக்கு. என் வீட்டுக்காரியின் அக்கா கொடுத்தது. தாய் இல்லாத பெண்ணை எடுத்து வளர்த்த அக்கா. அந்த அம்மாள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஜக்கின் வாய் ஓரத்தில் சில்லு போயிருந்தது. ஒருநாள் காலையில் அது என் உதட்டைக் கீறியது. "இந்தச் சனியனைத் தூக்கிப் போடு" என்றேன். அன்று சாயங்காலம் மழை. சமையலறையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினேன். ஜக்கு தரையில் சுக்குநூறு.

"காலையில சொன்னீங்க, சாயங்காலம் செஞ்சுட்டீங்க" என்றாள்.

"கை வழுக்கிடுச்சு."

"பதினோரு வருஷமாப் போடுற கை. அது வழுக்குமா?"

அதோடு என்னிடம் பேச்சை நிறுத்தினாள். சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொன்னாள். "சாப்பாடு ஆறுது, வேணுங்கிறவங்க சாப்பிடலாம்." மூன்று வாரம் சுவருக்கு நல்ல மரியாதை. பிறகு ஒருநாள் அதே சுவரிடம், "ஞாயித்துக்கிழமை மக வீட்டுக்குப் போறேன். திரும்பி வர்ற எண்ணம் இல்லை. எங்க அக்காவை விட்டெறிஞ்ச கையில இனிமே தண்ணி வாங்கிக் குடிக்க முடியாது" என்றாள். பையில் துணியையும் அடுக்கிவிட்டாள். நாற்பத்தொரு வருஷக் குடித்தனம்.

கேமராக்காரப் பெண்ணிடம் போனேன். "பாப்பா, கை வழுக்கினா எப்படி இருக்கும்னு எனக்குப் பார்க்கணும்."

"என்ன ஐயா, வீட்டுல கேஸா?"

"ஆமா. ஜட்ஜம்மா ஞாயித்துக்கிழமை கிளம்புறாங்க."

கையில் சோப்புத் தண்ணீர் தடவிக்கொண்டு நாலு ஜக்கு பிடித்தேன். நாலும் வழுக்கின. திரையில் பார்த்தோம். சுண்டுவிரல் முதலில் விடுகிறது. கட்டைவிரல் துரத்துகிறது. மற்ற விரல்கள் காற்றைப் பிறாண்டுகின்றன. முதுகு வளைகிறது, முழங்கால் மடங்குகிறது. ஆளே முழுசாக ஜக்குக்குப் பின்னாலேயே போய்க் கெஞ்சுகிறான்.

வீட்டில் ஜக்கு விழுந்த அன்றைக்கு நான் கெஞ்சவில்லை. குனியக்கூட இல்லை. மரம் மாதிரி நின்றேன். அப்படியென்றால் வழுக்கவில்லை. அவள் சொன்னதுதான் நிஜமா? யாரையும் நம்பாத ஆள் நான். பால்காரனை நம்பமாட்டேன், டாக்டரை நம்பமாட்டேன். என் கையையும் அந்த வரிசையில் நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

அந்தப் பெண்ணுக்குப் பாவமாக இருந்திருக்கும். ஒரு கிளாஸ் டீ கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு, பல்ப் சரியாக இருக்கிறதா என்று பார்க்க விளக்கைப் போட்டாள். என் கிளாஸ் கீழே. கால் எல்லாம் சுடு டீ.

"மறுபடியுமா ஐயா!" என்று சிரித்தாள்.

"மறுபடியும்னா?"

"போன மாசம் சாப்பாட்டு டப்பாவை விட்டீங்க. மூடி சரியில்லைன்னு கடைக்காரனைத் திட்டினீங்க. அதுக்கு முன்னாடி செல்போன். லைட் வந்தா போதும், உங்க கையில எது இருந்தாலும் போயிடும். மனசு கஷ்டப்படுவீங்கன்னு யாரும் சொல்லலை."

கால் எரிவது மறந்துவிட்டது. அந்தச் சாயங்காலம் மழையால் சமையலறை இருட்டிக் கிடந்தது. நான் ஜக்கோடு திரும்பினேன். இடுப்பு உயரம். அவள் உள்ளே வந்தாள். வந்தவள் டியூப்லைட்டைப் போட்டாள்.

வீட்டில் சொன்னேன். "கதை நல்லா ஜோடிச்சிருக்கு" என்றாள் சுவரிடம்.

"நேர்ல வந்து பாரு."

"வர்றேன்னு சொல்லு" என்று சுவருக்கு உத்தரவு போட்டாள். "பொய்யைக் கையும் களவுமாப் பிடிக்கத்தான்."

சனிக்கிழமை வந்தாள். விளக்கு சுவிட்சைத் தானே போடுவதாகச் சொல்லி வாங்கிக்கொண்டாள். "இவங்க ரெண்டு பேரும் கூட்டு" என்று அந்தப் பெண்ணையும் முறைத்தாள். நான் தண்ணீர் நிறைந்த ஜக்கோடு நின்றேன். விளக்கு வருமென்று தெரிந்து நிற்கிறவன் எதையும் நிரூபிக்க முடியாது. அது அவளுக்கும் தெரியும். அதனால் விளக்கைப் போடவே இல்லை. பைக்குள் எதையோ தேடினாள். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தாள். நான் நின்றுகொண்டே இருந்தேன். சட்டென்று தலையைத் தூக்கி என்னையே பார்த்து, "வீட்டுச் சாவியை எங்க வச்சீங்க?" என்றாள்.

"ஆணியிலதான், வேற எங்க..."

வெள்ளை வெளிச்சம். தரையில் ஜக்கு.

பெண் திரையில் ஓட்டினாள். விரல்கள் ஐந்தும் சேர்ந்து விரிகின்றன. ஒன்று கூடத் துரத்தவில்லை. தூங்குகிற குழந்தையின் கை தானாகத் திறப்பது மாதிரி. ஜக்கு இறங்கிக்கொண்டே இருக்கிறது. மேலே என் முகம். வாய் "எங்க"வில் நின்றுபோயிருக்கிறது. அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று வாரத்துக்கு அப்புறம் என்னிடம் பேசினாள் அல்லவா, அந்தச் சிரிப்பு. கீழே ஜக்கு தரையைத் தொடுகிறது, முழுசாக உட்கார்ந்திருக்கிறது. கோடு ஏறுகிறது. துண்டுகள் விலகுகின்றன. மேலே இன்னும் சிரிப்பு. துண்டுகள் எல்லாம் வெகுதூரம் போன பிறகுதான் என் புருவம் மெதுவாக ஏற ஆரம்பிக்கிறது.

"முழிக்கிறதைப் பாரு" என்றாள் என் வீட்டுக்காரி. "அன்னைக்கு நான் ஜக்கையே பார்த்துட்டு இருந்துட்டேன். இன்னொரு தடவை போடு கண்ணு."

நாலு தடவை போட வைத்தாள். நாலாவது தடவை எழுந்து போய்த் திரையில் விரலை வைத்தாள். ஜக்கு போன பிறகும் ஜக்கு மாதிரியே நிற்கிற தண்ணீர்மேல். "இது இன்னும் இருக்கு பாருங்க" என்றாள்.

"திருப்பி ஓட்டவாம்மா? எல்லாம் வந்து ஒட்டிக்கும்" என்றாள் அந்தப் பெண்.

"வேண்டாம் கண்ணு. அது பொய்."

ஞாயிற்றுக்கிழமை பை காலியாகக் கட்டிலடிக்குப் போனது. ஏன் வரவில்லை என்று மகள் போனில் கேட்டாள். "உங்கப்பா கையை நம்பி வீட்டை எப்படி விட்டுட்டு வர்றது?" என்று இவள் சொன்னது எனக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

அன்று சாயங்காலமும் மழை. நான் சமையலறையில் இருந்தேன். வாசற்படியில் வந்து நின்றாள். கை சுவிட்சில். போடவில்லை.

"கையில என்ன?"

"தட்டு."

"கீழ வைங்க."

வைத்தேன். விளக்கு வந்தது. என் விரல் ஐந்தும், ஒன்றுமே இல்லாமல், விரிந்தன.