வலை வாங்கப் போனவர்

போன ஆடியில் என் வீட்டுக்காரர் முனியன் இறந்தபோது, துக்கம் கேட்க வந்தவர்கள்கூட இந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் முதுகு வைத்ததே இல்லை என்று எங்கள் ஏரித் தீவான பசியாவரம் முழுக்கப் பெருமையடித்தவர் அவர். அதனால் பொன்னேரியில் கண்புரை அறுவை செய்துகொண்டு மாலையே திரும்பியவர், வலை வாங்கப் போனதாக ஊரில் சொல்லிவிட்டார். கையில் வலை இல்லை. முகத்தில் கறுப்புக் கண்ணாடி இருந்தது. "வெயிலுக்கு" என்றார், பொழுது சாய்ந்த பிறகும்.

அடுத்தது என் முறை. எனக்கு இரண்டு கண்ணிலும் புரை.

அதற்குள் நிவேதா என்ற அதிகாரி படகில் வந்தார். காலையில் சேர்த்து மாலையில் அனுப்பும் அந்தச் சின்ன மருத்துவமனைக்குக் காப்பீட்டு அனுமதி நீடிக்க வேண்டுமென்றால், சிகிச்சை நடந்தது உண்மையா என்று நோயாளிகளையே விசாரிக்க வேண்டுமாம். அனுமதி போனால் என் அறுவையும் போச்சு.

படகுத்துறையில் ஊரே கூடிவிட்டது.

"ஐயா, பொன்னேரி ஆஸ்பத்திரியில பெட்ல இருந்தீங்களா?"

"நானா? எனக்கு இன்னா கேடு? வலை வாங்கப் போனேம்மா."

நிவேதாவின் குரல் மாறியது. "அப்போ ஆபரேஷன் பண்ணதா அவங்க பொய் சொல்லியிருக்காங்க. அனுமதி ரத்தாயிடும்."

ஊர் முன்னால் அவரை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கையிலிருந்த நண்டுக்கூடையைப் படியில் வைத்தேன். படி என்று நான் நினைத்த இடம் தண்ணீர். கூடை கவிழ்ந்து நண்டுகள் ஏரிக்குப் புறப்பட்டன.

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுதிக்கம்மா. படுத்தேன். பச்சை கவுன் போட்டுக்கினு, ஊசிக்கு பயந்து நர்ஸம்மா கையைப் புடிச்சிக்கினு படுத்தேன். நல்லாத்தான் பண்ணாங்க. இவளுக்கும் பண்ணட்டும்."

"அண்ணே, அப்போ வலை?" என்றான் அவருடைய படகுக் கூட்டாளி பிரகாஷ்.

"பொத்திக்கினு நண்டப் புடிடா!"

துறையே சிரித்தது. நிவேதாவும் புடவையைச் செருகிக்கொண்டு ஒரு நண்டைத் துரத்தினார்.

அனுமதி நீடித்தது. எனக்கும் அறுவை முடிந்து, மறுநாள் கட்டுப் பிரித்தபோது எதிரில் அவர்தான் நின்றார், தலையை வாரிக்கொண்டு.

"இன்னா ராஜாத்தி, நான் எப்புடிக்கீறேன்?"

"கெழவனாயிட்டய்யா."

"பாத்தியா? இதுக்குத்தான் அந்த ஆபீசரம்மாகிட்ட வலை வாங்கப் போனேன்னு சொன்னேன்!"