வழுக்கிய பிடி

பட்டறை போர்மேனை எல்லோரும் மைக்ரான் என்றுதான் கூப்பிடுவார்கள், முதுகுக்குப் பின்னால். தலைமுடியின் கனத்தில் நூற்றில் ஒரு பங்கு பிசகினாலும் வேலையைத் தூக்கி எறிகிற மனிதர். பேச்சில்தான் அந்த அளவெல்லாம் கிடையாது.

அவர் மகளும் அங்கேயே லேத் ஓட்டினாள். அவளும் அவள் விரும்பிய பையனும் கல்யாணம் செய்துகொள்ள முடிவு செய்திருந்தார்கள். பையனின் அம்மா தையற்கடைக்காரி. "மருமக வேலை செய்யற இடத்தப் பாக்கணும்" என்று ஒரு நாள் காலையில் வந்து நின்றாள். மைக்ரானுக்குத் தலைகால் புரியவில்லை. மகளை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு அவளுடைய லேத்தைத் தானே ஓட்டிக் காட்டக் கிளம்பினார்.

"பாருங்க சம்பந்தி. இந்தப் பக்கம் இரும்பு சுத்தும். அந்தப் பக்கம் டெயில்ஸ்டாக். அதுல டிரில் அசையாம நிக்கும். நட்டு கிடையாது, போல்ட்டு கிடையாது. கூம்பா இருக்கற காம்பு, கூம்பா இருக்கற துளைக்குள்ள போய்க் கவ்விக்கும். உடும்புப்பிடி!"

டிரில்லைக் கவ்விப் பிடிக்கும் சக்கின் காம்பை மகள் காய்ந்த துணியால் துடைத்து வைத்திருந்தாள். அது அவர் கண்ணுக்கு மங்கலாகப் பட்டது. எண்ணெய்த் துணியை எடுத்துப் பளபளவென்று தேய்த்தார்.

"அப்பா, எண்ணெய் பட்டா..."

"எனக்கே பாடமா?"

சொருகினார். லேத்தை ஓட்டி, டிரில்லை இரும்பில் அழுத்தினார். இரும்பு சுற்றியது. அதோடு டிரில்லும் சக்கும் சேர்ந்து சுற்றின. துளைக்குள் காம்பு சுரண்டிக் கிறீச்சிட, பட்டறையே காதைப் பொத்திக்கொண்டது.

"அசையாம நிக்கும்னீங்களே?" என்றாள் தையற்கடைக்காரி. கேலியில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அதுதான் அவருக்கு அதிகம் சுட்டது.

லேத்தை நிறுத்தினார். "இவ சரியாத் துடைக்கல" என்று மகளைக் கைகாட்டினார். வரப்போகும் மாமியாரிடம் பெண்ணைப் பற்றி முதல் கோள் சொன்னவர் பெற்ற அப்பாவேதான்.

"நான் துடைச்சது காஞ்ச துணியில, அத்தை" என்றாள் மகள். "எண்ணெய் அப்பாவோட கைவண்ணம்."

மைக்ரான் அதைக் காதில் வாங்கவில்லை. டிரில்லைக் கழற்றிவிட்டு, காம்பு இறுகட்டும் என்று மரச்சுத்தியலால் சக்கின் மூக்கில் ஓங்கி ரெண்டு போடு போட்டார். கழற்றிக் காட்டலாம் என்று பார்த்தால், இப்போது அது இறுகிப்போய் வெளியே வரவும் மாட்டேன் என்றது. டெயில்ஸ்டாக்கின் கைச்சக்கரத்தைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு பின்னால் சுற்றினார். சக் சட்டென்று விடுபட்டு நேராக அவர் வலது காலில் இறங்கியது. விருந்தாளிக்காக அன்று பட்டறை ஷூவை விட்டுவிட்டு மெல்லிய செருப்பில் வந்திருந்தார்.

"பாத்தீங்களா, எவ்வளவு சுலபமாக் கழண்டு வருது" என்றார். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"முதல்ல உக்காருங்க" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள் தையற்கடைக்காரி. மகள் ஐஸ் கொண்டுவந்து கால்விரலில் வைத்தாள். கொஞ்சம் அழுத்தியே வைத்தாள்.

கட்டைவிரல் எலும்பில் விரிசல். கல்யாணத்தன்று ஒரு காலில் ஷூவும் மறு காலில் கட்டுமாக வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றார். என்ன ஆச்சு என்று கேட்டவர்களிடம், "மெஷின் பழசு, அதான்" என்று முடிக்கப் பார்த்தார்.

"அப்படி மொட்டையாச் சொன்னா எப்படி, சம்பந்தி?" என்று பக்கத்தில் வந்து நின்றாள் தையற்கடைக்காரி. "முதல்லேருந்து சொல்லுங்க. விட்டுப்போனா நான் எடுத்துக் குடுக்கறேன்."

கூட்டம் நாற்காலிகளை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டது.