வெள்ளிக்கிழமை ஸ்கேன்

ஒரே கம்ப்யூட்டரில் ரெண்டு ஆன்டிவைரஸை ஏற்றிய புத்திசாலி நான்தான். ஓடைப்பட்டியில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கிறேன். ஒரே டேங்கில் ரெண்டு மருந்தைக் கலந்து அடித்துவிட்டு, திராட்சை இலை கருகிப்போச்சு என்று வந்து நிற்கும் சம்சாரிகளைப் பதினைந்து வருஷமாகத் திட்டி வருகிறவன். வீட்டுக்குள் அதையே செய்தேன். ரெண்டும் ஒன்றையொன்று வைரஸ் என்று பிடித்துக்கொண்டு மல்லுக்கு நின்றன. மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி டீ குடித்துவிட்டு வந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் என் தங்கை சுபாஸ்ரீக்கு அவள் புருஷன் வாங்கிக் கொடுத்தது. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. கல்யாணமாகி நாற்பதாம் நாள் விமானம் ஏறிவிட்டார்; சுபா எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அவருக்கு லீவு நாளான வெள்ளிக்கிழமை, நம்மூர் ஆறு மணிக்குக் கேமராவில் முகம் பார்த்துப் பேச வேண்டும் என்று ஏற்பாடு. மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்ததும் நான்தான். ரெண்டு வேலையையும் ஒரே கெட்டிக்காரத்தனத்தோடு செய்திருந்தேன்.

ஒரு ஆன்டிவைரஸைக் கழற்றிவிட்டு, வைரஸ் தேடும் ஸ்கேன் ஏன் மெதுவாக ஓடுகிறது என்று சுபாவுக்கு வகுப்பெடுத்தேன். மெமரி குறைவு. படமும் வீடியோவும் சேரச் சேர வேலை கூடும். சுருக்கிக் கட்டிய ஃபைல் என்றால் மூட்டையைப் பிரித்து உள்ளேயும் பார்க்கும். அது ஓடும்போது கேமராவைப் போட்டால் படம் நின்றுவிடும். ஆனால் பாதியில் மட்டும் நிறுத்தக்கூடாது, பாதித் தோட்டத்துக்கு மருந்தடித்த கதையாகிவிடும் என்றேன்.

"மூட்டைக்குள்ள மூட்டை இருந்தா?" என்று கேட்டாள்.

இன்னும் லேட்டாகும் என்றேன். என் பேச்சை அவ்வளவு கவனமாக அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. பூரித்துப்போனேன்.

அதற்குப் பிறகுதான் நிலைமை மோசமானது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆறு மணிக்கு ஸ்கேன் ஓடிக்கொண்டிருக்கும். மாப்பிள்ளை வாயைப் பாதி திறந்தபடி உறைந்து நிற்பார். லைன் அறுந்துவிடும்.

அஞ்சாவது வாரம் மாப்பிள்ளை கடைக்கே போன் போட்டார். விசா வந்துவிட்டது, வருகிற வெள்ளிக்கிழமை அவள் பேசி டிக்கெட் தேதியை முடிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அவள் வரவே வேண்டாம் என்றார். தேனிக்கு ஓடிப்போய் மெமரி வாங்கி வந்து மாட்டினேன். தானாக ஓடும் ஸ்கேனைப் புதன்கிழமை காலைக்கு மாற்றி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஸ்கேன் ஓடிக்கொண்டிருந்தது.

ஸ்கேன் ஓடிய பழைய பதிவுகளைத் திறந்து பார்த்தேன். எல்லா வெள்ளிக்கிழமையும் ஐந்து ஐம்பதுக்குக் கையால் தொடங்கியது. எதை எதைத் தேட வேண்டும் என்ற எல்லாக் கட்டத்திலும் டிக். டிஸ்க்கில் கல்யாண வீடியோ பதினோரு பிரதிகள், மூட்டைக்குள் மூட்டையாக. கேமரா மேல் கைக்குட்டை போர்த்தியிருந்தது. தூசி படாமல் வைத்திருக்கிறாளே என்று போன வாரம் அதற்கும் பாராட்டியிருந்தேன்.

இது யார் வேலை என்று கேட்டேன். நான்தான் என்றாள், துவைத்த துணியை மடித்தபடி.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"மொத வாரமே சொன்னேன்ல. கேமராவத் திருப்புங்கறாக, கட்டிலுக்கடியில காட்டுங்கறாக, பீரோவத் தெறந்து காட்டுங்கறாக, எவன் வந்துட்டுப் போனான்னு கேக்குறாகன்னு சொன்னேன். தனியாக் கெடக்குற மனுசன், பிரியத்துல கேக்குறாகன்னு நீ சொன்ன. பெறகு மெமரியப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சுட்ட."

சொல்லியிருந்தாள். எனக்கு நினைவு வந்தது. அன்றைக்கு ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்தேன்.

மேஜை மேல் என் செல்போன் அடித்தது. மஸ்கட் நம்பர். அது நிற்கவில்லை.

"டிக்கெட்டுக்கு நான் என்ன பதில் சொல்லட்டும், ஆத்தா?" என்று சுபாவிடம் கேட்டேன்.

மடித்த சேலையைக் கட்டிலில் வைத்தாள்.

"கம்ப்யூட்டர் நல்லாத்தான் ஓடுது, அவதான் வரமாட்டேங்கறான்னு சொல்லுண்ணே."