மரக்கூண்டில் முள்ளுக்காரர்

கதிரவன் மேற்கே சாய்வதா, இன்னும் சற்றுப் பொறுப்பதா என்று முடிவெடுக்க மாட்டாமல் முகில்களுக்குள் நுழைவதும் வெளிவருவதுமாய் இருந்த ஒரு பிற்பகற்பொழுதில், ஆறு வளைந்தோடும் அப்பழம்பேரூரின் ஓட்டுக்கூரைகளுக்கும் கல் பாவிய தெருக்களுக்கும் மேலாக, எழுநூறு ஆண்டு மழையைக் குடித்துக் கறுத்துப்போன கிறித்தவக் கற்கோயிலொன்று, வானத்தைத் தைக்க எடுத்த ஊசிகள் இரண்டு தைக்க மறந்து நின்றாற்போல, தன் இரட்டைக் கூம்புகளை உயர்த்தி நின்றது. அக்கூம்புகளைச் சுற்றிக் காற்று ஓயாமல் சுழன்றது. புறாக்கள் அமர்வதும், அமர்ந்த இடம் பிடிக்காமல் எழுவதும், எழுந்த இடத்துக்கே மீள்வதுமாய் அலைந்தன. கீழே முற்றத்தில் நின்ற மாந்தரோ அண்ணாந்து பார்ப்பதும், கழுத்து வலித்துக் குனிவதுமாய் அப்புறாக்களுக்குச் சற்றும் குறையாமல் அலைந்தனர். அழகைப் பார்க்க வந்தவர் சிலர். பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ள வந்தவர் பலர். அறிவார்ந்த நண்பரே, இவ்விரு சாராரிலும் சேராத ஒருவர் அன்று அங்கே வந்திருந்தார்.

முப்பத்தோராண்டு சுமைவண்டிகளை நிறுக்கும் எடைமேடையில் அமர்ந்து, ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே நிறுத்திவிட்டு ஒன்றும் அறியாதவன்போல் பல் குத்தும் ஓட்டுநரையும், மணலில் நீரூற்றிக் கொண்டுவந்து மழைமேல் பழிபோடும் வணிகரையும் பார்த்துப் பார்த்து, மாந்தர் வாயில் வருவது எதுவும் சொன்ன எடைக்கு இராது என்று முடிவுகட்டியவர் அவர். எடைமுள்ளைப்போல் வளையாதவர் என்பதால் ஓட்டுநர்கள் அவரை முள்ளுக்காரர் என்றனர், குத்துவார் என்பதாலும்தான். வேலை ஓய்ந்தும் கண் ஓயவில்லை. குடும்பமாய் ஊர் சுற்றக் கிளம்பிய அன்று, மணமாகி ஈராண்டான தம் ஒரே மகள் வண்டியிலிருந்து இறங்கிய நொடியிலேயே, நாலு கிலோ குறைந்திருக்கிறாள் என்று அக்கண் நிறுத்துச் சொல்லிவிட்டது. ஏன் குறைந்தாள்? மருமகன் கடுஞ்சொல் சொல்கிறானா, கைநீட்டுகிறானா? அவளைத் தனியே நிறுத்திக் கேட்டுவிட வேண்டும். அதற்குக் கோயிலுக்கு வந்த இந்த மாலைதான் மிச்சம். விடிந்தால் அவர்கள் தம் வழி போய்விடுவர். மூன்று நாளாய்த் தனிமை வாய்க்கவில்லை. வண்டியில் அவள் முன்னிருக்கை, இவர் பின்னிருக்கை; உணவகத்தில் நால்வருக்கும் ஒரே மேசை; விடுதியில் மூடிய கதவு. மனிதர் எங்ஙனம் பொறுப்பார்?

மருமகன் மின்தூக்கி பழுது பார்ப்பவன். உயரமான எதைக் கண்டாலும் வாய் ஓயாதவன். கோயிலின் புறச்சுவரைத் தாங்கி, நண்டுக்கால்கள்போல் வளைந்து தரையில் ஊன்றியிருந்த கல்வளைவுகளைக் காட்டினான்.

"இதுதான் மாமா கோதிக் பாணி. கூரையோட பாரத்தை இந்த முட்டு வெளிய வாங்கிக்குது. அதனாலதான் சுவருக்குப் பதிலா அவ்வளவு கண்ணாடி வெக்க முடிஞ்சது."

"முட்டுக் கொடுத்தாத்தான் நிக்கும்னா அது என்ன மாப்ள கட்டடம்? அது நோயாளி."

"எழுநூறு வருசமா நிக்கிற நோயாளி மாமா."

"நேத்து வரைக்கும் நின்னுச்சு. இன்னைக்குத்தானே நாம உள்ள போறோம்!"

மகள் சிரித்தாள். அச்சிரிப்பையும் அவர் நிறுத்துப் பார்த்தார். அதுவும் குறைவாகவே பட்டது. மனைவி அவர் முழங்கையைக் கிள்ளி, "ஏங்க, உள்ள போயாவது வாய்க்கு ஒரு பூட்டுப் போடுங்க" என்றாள்.

உள்ளே, நீட்டிய விரல்கள் நுனியில் தொட்டுக்கொண்டாற்போல் இருபுறத்துத் தூண்களும் கண்ணெட்டா உயரத்தில் கூடிக் கவிந்திருந்தன. பலகணிக் கண்ணாடிகளின் செம்மையும் நீலமும் தரையில் விழுவதும், முகில் மறைத்தபோது அழிவதும், விலகியபோது மீள்வதுமாய், துணி வணிகன் விரிப்பதும் சுருட்டுவதும்போல் இருந்தன. பெருங்குளிர்ச்சியும் பேரமைதியும் குடிகொண்ட அவ்விடத்தில் அமைதியற்றிருந்தவை இரண்டே: அந்த ஒளியும், முள்ளுக்காரரின் கால்களும். மெழுகுத்திரி எரியும் தட்டின் பக்கம் மகள் ஒதுங்கினாள், அவர் நெருங்கினார், "மாமா, அப்படியே நில்லுங்க, வெளிச்சம் நல்லா விழுது" என்று மருமகன் படக்கருவியோடு வந்தான். பழைய கல்லறைப் பலகையருகே மகள் குனிந்தாள். அவர் மீண்டும் நெருங்கினார். இம்முறை மனைவி இடையில் புகுந்தாள்.

"ஏங்க, இந்தக் கல்லுல என்ன எழுதியிருக்கு?"

"அதெல்லாம் படிக்கத் தெரிஞ்சிருந்தா நான் ஏன்டி எடைமேடையில உக்காந்தேன்?"

குரல் கூரை வரை சென்று திரும்பியது. தூண் மறைவில் நின்ற காவலர் உதட்டில் விரல் வைத்தார். மனைவி வேண்டுமென்றே குறுக்கே வந்தாள் என்பதும், அதற்குக் காரணமான ஒன்றை அவள் அறிந்திருந்தாள் என்பதும் அவருக்குத் தெரியாது.

பக்கச் சுவரோரம், பெரும்பேழைபோல் மூன்றறை மரக்கூண்டு ஒன்று நின்றது. தம் குற்றங்களை ஒப்புக்கொள்ள வருவோர் பக்கவறையில் மண்டியிட, நடுவறையில் திரைக்குள் அமர்ந்த அருட்தந்தை, இடையிலுள்ள மரச்சல்லடை வழியே முகம் காணாமல் செவி கொடுக்கும் இடம் அது. முள்ளுக்காரர் அதை அறியார். காவலர் களைப்பாறும் பெட்டி என்றெண்ணினார், மூட்டு வலித்தது, மெத்தை தெரிந்தது, நடுவறைக்குள் போய் அமர்ந்து திரையை இழுத்துவிட்டார்.

சிறிது பொழுதில், "அப்பா? எங்க போனீங்க?" என்ற மெல்லிய குரல் கேட்டது.

"இங்கதான். அந்தப் பக்கக் கதவைத் திறந்துட்டு வா."

"என்னப்பா இது, போட்டோ எடுக்கிற கடை மாதிரி?"

"பேசாம வாடா கண்ணு."

பக்கவறையில் இருக்கை இல்லை. முழந்தாளிடும் பலகை மட்டுமே. அதில் மண்டியிட்டாள். சல்லடையின் இருபுறமும் தந்தையும் மகளும் ஒருவருக்கொருவர் நிழலாயினர்.

"அடிக்கிறாரா?"

"யாரு?"

"உன் வீட்டுக்காரர்தான். பக்கத்து வீட்டுக்காரரையா கேக்கிறேன்?"

"இதுக்காகவா மூணு நாளா இப்படித் தவிக்கிறீங்க?"

"நாலு கிலோ குறைஞ்சிருக்கியே."

"அஞ்சு. லிப்ட் மெக்கானிக் பொண்டாட்டிக்கு வாய்ச்சது லிப்ட் இல்லாத நாலாவது மாடி. ஏறி இறங்கியே குறைஞ்சேன்."

வேறொரு தந்தை அங்கே சிரித்து எழுந்திருப்பார். இவரோ விடவில்லை. "அப்போ போன்ல ஏன் 'ம், ம்'னு மட்டும் சொல்றே? எதையோ மறைக்கிறே."

முகம் பார்த்துச் சொல்ல ஓராண்டாய் வராத சொற்கள், முகம் மறைந்த அவ்விருட்டில், அடைப்பு நீங்கிய மதகின் நீர்போல் அவளிடமிருந்து புறப்பட்டன.

"போன மழைக்காலத்துல அவர் ஆபீசுக்கு ஒரு போன் வந்துச்சுப்பா. லிப்ட் பாதியில நின்னுபோச்சு, உள்ள ஆளு மாட்டிக்கிட்டாங்க, இன்னாரைத்தான் அனுப்பணும்னு அவர் பேரைச் சொல்லிக் கேட்டாங்களாம். கொட்டுற மழையில ஓடினார். ரெண்டு மணி நேரம் தெருத் தெருவா தேடினார். அந்த விலாசத்துல கட்டடமே இல்ல."

முள்ளுக்காரர் சல்லடையிலிருந்து முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"உங்க நம்பர் அங்க பதிவாகி இருக்குப்பா."

"ஒழுங்கா வேலைக்குத்தான் போறாரான்னு... தெரிஞ்சுக்கலாம்னு..."

"தெரியும். அவருக்கும் தெரியும். கூட வேலை செய்யிறவங்க இன்னைக்கும் அவரை 'மாமனார் லிப்ட்'னுதான் கூப்பிடறாங்க. உங்களை ஒரு வார்த்தை சொல்லலை. எனக்குத்தான் தாங்கலை."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே, தாயி."

"எதைச் சொன்னா நீங்க நம்பியிருக்கீங்க?" அவள் மூக்கை உறிஞ்சினாள். "அடுத்த மாசம் நாங்க வேற ஊர் போறோம்பா. ரெண்டு நாள் ரயில். மாத்தல் வாங்கியாச்சு."

"அவன் இழுத்துட்டுப் போறானா?"

"நான்தான் கேக்கச் சொன்னேன். அவர் வேண்டாம்னார். மாமா தவிச்சுப் போயிடுவார்னார். அம்மாகிட்ட சொல்லிட்டேன். உங்ககிட்ட அங்க போய்ச் சேர்ந்தப்புறம் சொல்லலாம்னு இருந்தோம்."

நண்பரே, ஊரார் ஏமாற்றிவிடுவர் என்று விழித்திருந்தே தேய்ந்த கண்கள் அவருடையவை. எத்தனையோ கள்ளச் சுமைகளை மடக்கித் திருப்பிய அம்மனிதர், தம் மகளின் வாழ்வுக்குள் தாமே ஏற்றிவைத்த சுமையை மட்டும் ஓராண்டாய்க் காணாதிருந்தார். அவளை மெலிவித்தது மாடிப்படி மட்டுமன்று என்பதை இப்போது அறிந்தவர், அதைக் கேட்கவும் துணியாமல், சினம் கொள்ளவும் ஆள் கிடைக்காமல், கண்ணீர் விடவும் பழக்கமின்றி, அம்மெத்தையின் விளிம்பைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

திரை சட்டென விலகியது. காவலர் நின்றார்; அவர் பின்னே தளர்ந்த மூப்புடைய அருட்தந்தை ஒருவர்.

"ஐயா, எந்திரிங்க. இது ஃபாதர் உட்கார்ற இடம்."

"உக்காந்தா தேஞ்சா போயிடும்?" என்றது பழகிய நாக்கு.

"இங்க உட்கார்றவர் கேட்டுக்குவார். தப்புப் பண்ணினவங்க அந்தப் பக்கம் மண்டி போட்டு ஒத்துக்குவாங்க. அதான் முறை."

முள்ளுக்காரர் பக்கவறையை நோக்கினார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டு மகள் எழுந்துகொண்டிருந்தாள்.

"அப்போ நாங்க ரெண்டு பேரும் இடம் மாறி உக்காந்துட்டோங்க" என்றார். காவலருக்கு விளங்கவில்லை. அருட்தந்தைக்கு விளங்கியதோ என்னவோ, அவர் எழுவதற்குக் கை கொடுத்தார்.

வெளியே, காற்றடிக்கும் படிக்கட்டில் மருமகன் படக்கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தான். பெண்டிர் இருவரும் சற்றுப் பின்தங்கினர்; மகளின் சிவந்த கண்ணைக் கண்ட தாய், கேளாமலே எல்லாம் உணர்ந்து அவள் தோளைப் பற்றிக்கொண்டாள்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

இறங்கிய படியொன்றில் மீண்டும் ஏறினார்; மீண்டும் இறங்கினார். "அந்த மழை நாளு... லிப்ட் நின்னுபோச்சுன்னு... அது நான்தான். தப்புப் பண்ணிட்டேன்."

அவன் படக்கருவியை உறையிலிட்டு மூடினான்.

"உள்ள யாரும் மாட்டிக்கலைன்னு தெரிஞ்சப்ப முதல்ல சந்தோசமாத்தான் இருந்துச்சு மாமா. அப்புறம்தான் கோவம் வந்துச்சு."

"கோவம் போயிடுச்சா?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு."

இனிப்பான பொய்யொன்றை எதிர்பார்த்து, அதை மறுக்கவும் ஆயத்தமாய் நின்றவர், இவ்விடையைக் கேட்டுத் தலையசைத்தார். மருமகன் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லை அவர் அப்படியே நம்பியது அதுவே முதன்முறை. "எப்போ கெளம்பறீங்க?" என்றார், "ஒன்பதாம் தேதி மாமா" என்றான். எந்த வண்டி, எந்தத் தெரு, வீட்டுக்குத் தாழ்ப்பாள் உறுதியா என்று நாவின் நுனிவரை வந்த நூறு கேள்விகளையும், சூடான கவளத்தை வாயிலிட்டவன் துப்பவும் மாட்டாமல் விழுங்கவும் மாட்டாமல் தவிப்பதுபோல் அடக்கிக்கொண்டு, வண்டி நின்ற இடம் நோக்கி அவனோடு நடந்தார்.

போகவேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அவர்களும் போகாமல் இருக்கவில்லை. அன்பும் ஐயமும் ஒரே முகங்கொண்ட இரட்டைப் பிள்ளைகள். ஒன்றுக்கு ஊட்டுகிறோம் என்றெண்ணியே ஆண்டாண்டாய் மற்றொன்றுக்கு ஊட்டி வளர்த்துவிடுகிறோம். வளர்ந்தபின் அது நம் வீட்டை விட்டு எங்கும் போவதில்லை. போவது நாம் பெற்ற பிள்ளைகளே.