விருந்தாளியை எழுப்புவது யார்?

காலிதா வீட்டுக்கு மதுரையிலிருந்து ஒரு மானேஜர் வரப்போகிறார் என்ற சேதி, புதுமடம் முழுக்கத் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டுக்காரி நான். இதைவிட ஒரு அவமானம் எனக்கு வேண்டாம். அன்றிலிருந்து அந்த வீட்டுப் பக்கம் ஒரு காதையும் ஒரு கண்ணையும் நிரந்தரமாகவே வைத்துவிட்டேன்.

மானேஜர் வருவது காலிதாவின் மகன் மதாரை வேலைக்குச் சோதித்துப் பார்க்க. மதார் பத்தாம் வகுப்புக்கு மேலே ஒன்று படித்து எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன். முன்னே மாதிரி இருந்தால் தேறிய மறுமாதமே தோணியேறி, கொழும்பில் வாப்பாவின் கடைக் கல்லாவில் உட்கார்ந்திருப்பான். இப்போது பாஸ்போர்ட் என்றார்கள், விசா என்றார்கள். கடையும் போயிற்று, கடையை மூடிவிட்டு வந்த கவலையில் வாப்பாவும் மவுத்தாகிப் போனார். படித்த பையன்கள் ஊரில் அலைகிறார்கள். கடலுக்குப் போகச் சொன்னால் படித்தவன் என்கிறார்கள். ஆபீசுக்குப் போகச் சொன்னால் எந்த ஆபீசு என்று கேட்கிறார்கள்.

இதற்காகத்தான் அப்துல் குத்தூஸ் ஒரு சங்கம் ஆரம்பித்தார். அவரும் கொழும்பில் ஒரு பெரிய கடையின் கடிதப் போக்குவரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர். "பள்ளிக்கூடம் படிப்பைக் குடுத்துருது, வேலைக்கு வழியைக் காட்ட மாட்டேங்குது. நடுவுல இருக்கிற பள்ளத்துல நம்ம பிள்ளைக விழுந்து கிடக்குதுக" என்று ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முன்னால் நின்று பேசுவார். பேசியே ஒரு டைப்ரைட்டர் மிஷின் வாங்கிவிட்டார். ராமநாதபுரத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்து பழக்கினார். டைப் அடிக்கப் பழகிய பையன்களுக்கு குத்தூஸ் தானே இன்னொரு பாடம் நடத்தினார். அதைப் பார்க்கத்தான் சங்கத்து ஜன்னலில் கூட்டம்.

பாடம் இதுதான். குத்தூஸ் மானேஜராக நாற்காலியில் இருப்பார். பையன் கதவைத் தட்டிவிட்டு வர வேண்டும், 'குட் மார்னிங் சார்' சொல்ல வேண்டும், உட்காரச் சொன்னால் எதிர் நாற்காலியில் உட்கார வேண்டும், முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். பெரியவர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளையை எங்கள் ஊர் அதுவரை கண்டதில்லை. முதல் நாள் மதார் நாற்காலியின் நுனியில் கோழி மாதிரி ஒட்டிக்கொண்டு தரையைப் பார்த்தே எல்லாப் பதிலும் சொன்னான். "ஏலே, மானேஜர் என்ன தரையிலயா படுத்திருக்காரு?" என்று குத்தூஸ் கத்தினார். பிறகு மெல்ல மெல்லத் தேறினான். கொல்லையில் என் ஆட்டுக்கு அவன் குட் மார்னிங் சொன்னதை நான் என் காதாலேயே கேட்டேன்.

சிரிப்பெல்லாம் எங்களுக்குத்தான். காலிதாவுக்கு இல்லை.

காரணம் அவளுடைய காக்கா, மதாரின் தாய்மாமன் வாவு முகம்மது. அவருக்கு இந்த மிஷின் தட்டும் வேலை எதுவும் பிடிக்காது. "கொழும்புல என் சிநேகிதன் கடை இருக்கு. இறங்கிட்டாப் போதும், பொழைச்சுக்குவான்" என்று தெற்கே ஒரு தோணிக்காரனிடம் வெள்ளிக்கிழமைக்குப் பேசிவைத்துவிட்டார். விசா இல்லாத தோணி. போன முறை அந்தத் தோணியில் போனவர்களைக் கரையிலேயே பிடித்து முகாமில் அடைத்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. அதில் ஒரு பையன் முகாமிலும் இல்லை, கடையிலும் இல்லை என்று இன்னொரு பேச்சு. கள்ளத்தோணி என்ற சொல்லைக் கேட்டாலே காலிதா செய்கிற வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள். அண்ணனும் தங்கையும் கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: குத்தூஸ் கடிதம் எழுதி வரவழைக்கும் மானேஜர் புதன்கிழமை வந்து மதாரை எடுத்துக்கொண்டால் தோணி இல்லை, எடுக்காவிட்டால் வெள்ளிக்கிழமை தோணி, காலிதா வாயைத் திறக்கக் கூடாது.

புதன்கிழமை வந்தது. மானேஜரும் வந்தார். நூல் கம்பெனி மானேஜர் என்றால் ஒரு துரை மாதிரி இருப்பார் என்று எதிர்பார்த்த ஊருக்குப் பெரிய ஏமாற்றம். சோணைமுத்து என்று பெயர். கறுத்த, வாட்டசாட்டமான மனிதர். கழுத்தில் டை மட்டும் இருந்தது. உச்சிப்புளி ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் வந்து இறங்கியதும், "பையன் எங்கே? மெஷின் எங்கே? அஞ்சு மணி வண்டிக்கு நான் திரும்பணும்" என்றார். குத்தூஸுக்கு முகமெல்லாம் சிரிப்பு. சங்கத்துக்குக் கைகாட்டினார்.

வாவு முகம்மது குறுக்கே வந்து நின்றார். "சாப்பிடாம எப்படி? ஊருக்கு வந்த ஆளைப் பட்டினி போட்டு வேலை கேக்குறதா? முதல்ல சாப்பாடு."

"சோதிச்சிட்டுச் சாப்பிடட்டுமே" என்றார் குத்தூஸ்.

"பசியில இருக்கிறவன் யாரைத்தான் நல்லவன்னு சொல்லுவான்?"

ஊரே வாவு முகம்மதின் கட்சி. நானும்தான், காலிதா வீட்டு நெய்ச்சோற்று வாசம் அப்படி.

காலிதா வீட்டு முன் கூடத்தில் சஹன் வைத்தார்கள். பெரிய வட்டத் தட்டு. சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிடுவது. விருந்தாளி பக்கம் காலியாகக் கூடாது. காலியானால் பக்கத்தில் இருப்பவர் நல்ல கறித்துண்டாகப் பார்த்து அங்கே தள்ளுவார். இது எங்களுக்குத் தெரியும். சோணைமுத்துவுக்குத் தெரியாது. வைத்ததை மிச்சம் வைத்தால் வீட்டுக்காரர்கள் வருத்தப்படுவார்கள் என்று அவர் சாப்பிட்டு முடிப்பார். முடித்ததைப் பார்த்து, இன்னும் பசி போல என்று வாவு முகம்மது தள்ளுவார். மனிதர் நெற்றியில் வேர்த்தது. டையைத் தளர்த்தினார். இவர் தள்ள, அவர் முடிக்க, தட்டு காலியாகிக்கொண்டே வந்தது. அதன் மேல் முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த இனிப்பு, வட்டிலாப்பம் வேறு. நான் திரைக்கு இந்தப் பக்கம் பெண்களோடு நின்று பார்த்தேன். "பாவம், அந்த மனுசன் கண்ணு சொருகுது" என்றேன். காலிதா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கை கழுவிவிட்டு, "ஒரு அஞ்சு நிமிசம்" என்று கட்டிலில் சாய்ந்தவர்தான். குறட்டை வாசல் வரை கேட்டது.

மதார் இஸ்திரி போட்ட சட்டையோடு வாசலில் நின்றான். கூப்பிட்டால்தான் உள்ளே போக வேண்டும் என்பது பாடம். குத்தூஸ் தெருவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். வெயில் சுவரை விட்டு இறங்கிவிட்டது. வண்டிக்காரன் மாட்டைப் பூட்டட்டுமா என்று கேட்டுவிட்டுப் போனான்.

"எழுப்புங்களேன்" என்றார் குத்தூஸ்.

"சாப்பிட்டுத் தூங்குற விருந்தாளியையா? நீங்க எழுப்புங்க" என்றார் வாவு முகம்மது.

"உங்க வீட்டு விருந்தாளி."

"உங்க சங்கத்து ஆளு."

இரண்டு பேரும் கட்டில் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார்கள். வாவு முகம்மது மெல்ல, "நேரம் போச்சுன்னா போச்சு. வெள்ளிக்கிழமை இருக்கு" என்றார். சத்தமில்லாமல்தான் சொன்னார். திரைக்குப் பின்னால் அது கேட்டது.

காலிதா அடுப்படிக்குப் போனாள். பித்தளைத் தாம்பாளத்தை எடுத்துக் கல் தரையில் போட்டாள். கூடத்தில் குறட்டை ஒரு மூச்சு நின்று, மறுபடி தொடங்கியது. "என்னம்மா அது?" என்று அண்ணன் அதட்டினார். "கை தவறிருச்சு காக்கா" என்றாள். சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தாள். இருவருமாக, சோறு வடித்த காலி அண்டாவைத் தூக்கி, அதன் மூடியோடு சேர்த்துக் கை தவறவிட்டோம். அண்டா உருண்டு போய்ச் சுவரில் முட்டி நின்றது. தெருவில் நாய் குரைத்தது.

"மணி என்ன?" என்று கூடத்தில் அலறல்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாம் ஓட்டம். சங்கத்துக்குப் போய்ச் சோதிக்க நேரமில்லை. குத்தூஸ் மிஷினையே தூக்கி வண்டியில் வைத்தார். சோணைமுத்து ஏறினார். மிஷின் இருக்கும் இடம் போக மிச்ச இடத்தில் வாவு முகம்மது ஏறிக்கொண்டார். மதார் வண்டிக்குப் பக்கத்தில் ஓட்டமும் நடையும். காலிதா ஒரு தூக்குவாளி நிறைய வட்டிலாப்பத்தை என் கையில் திணித்து, "மானேஜருக்குக் குடுத்து விடணும்னு சொல்லிட்டுப் போ பிச்சையம்மா. அங்கன என்ன நடந்தாலும் ஒண்ணு விடாம வந்து சொல்லு" என்றாள். என்னிடம் இதைச் சொல்லவும் வேண்டுமா? வண்டிக்குப் பின்னாலேயே நடந்தேன்.

வழியெல்லாம் மானேஜர் கேட்டார், மாமன் பதில் சொன்னார்.

"தம்பி பேரென்ன?"

"மதார். எங்க தகப்பனார் பேருதான்."

"இங்கிலீஷ்ல கடிதம் எழுதுவியாப்பா?"

"தண்ணி பட்ட பாடு."

"வீட்டை விட்டு இருந்து பழக்கம் உண்டா?"

"எங்க குடும்பமே கடல் தாண்டின குடும்பம் சார்."

மதார் வாயைத் திறப்பான், மாமன் குரல் வரும், மூடிக்கொள்வான். நாற்காலியில் உட்காரப் பழகினான், முகம் பார்க்கப் பழகினான். மாமன் பேசும்போது பேசுவதற்கு குத்தூஸ் ஒரு நாளும் பழக்கவில்லை. குத்தூஸும் இப்போதுதான் அதை உணர்ந்தார் போல. உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னால் நடந்தார். இதையெல்லாம் போய் எப்படிக் காலிதாவிடம் சொல்வது?

ஸ்டேஷனில் மேஜை ஏது? மதுரைக்குப் போகக் காத்திருந்த கருவாட்டுக் கூடை ஒன்றின் மேல் மிஷினை வைத்தார்கள். கூடைக்காரி சண்டைக்கு வந்தாள். "ஒரு பிள்ளைக்கு உத்தியோகம் ஆகப்போகுது தாயி" என்று அவள் வாயை நான் அடைத்தேன். மதார் மணலில் மண்டியிட்டான். சோணைமுத்து நின்றபடியே, நூல் சிப்பம் வந்து சேரத் தாமதமானதைப் பற்றி இங்கிலீஷில் ஒரு கடிதம் சொல்லத் தொடங்கினார். கடல் காற்று காகிதத்தைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. கூடை ஆடியது. விரல்கள் மட்டும் ஓடின. தூரத்தில் ரயில் புகை தெரிந்தது.

"கடிதத்துல தப்பு விழுந்துட்டா என்ன பண்ணுவே?" என்றார் மானேஜர்.

"தப்பே விழாது சார். கை அப்படி" என்றார் வாவு முகம்மது.

மிஷின் நின்றது. மதார் தலையை நிமிர்த்தினான். "மாமா, நீங்க கொஞ்சம் பேசாம இருங்க. அவுக என்னையக் கேக்குறாக."

ஊரில் வாவு முகம்மதிடம் இப்படி ஒரு வார்த்தை சொன்னவன் இல்லை. அவர் முகம் செத்துவிட்டது.

மதார் சோணைமுத்துவின் முகத்தைப் பார்த்தான். "தப்பு விழுந்தா அந்தத் தாளைக் கிழிச்சிட்டு வேற அடிப்பேன் சார். இதுலயும் ஒண்ணு விழுந்துருச்சு. நேரம் இருந்தா இப்பவே மாத்திருவேன்." பார்வையைத் தரைக்கு இறக்கவில்லை.

ரயில் வந்து நின்றது. சோணைமுத்து தாளை உருவிக்கொண்டு பெட்டியில் ஏறினார். தூக்குவாளியை ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். வயிற்றைத் தடவிக்கொண்டே வாங்கினார். ஜன்னலோரம் உட்கார்ந்து தாளை மேலிருந்து கீழே படித்தார். கார்டு கொடியை எடுத்தார்.

"என் டைப்பிஸ்ட் திடீர்னு வேலையை விட்டுப் போயிட்டான். கடிதமெல்லாம் குவிஞ்சு கிடக்கு. காலையில ஆபீசுல ஆள் வேணும். இந்த வண்டியிலயே வாரியா?"

இந்தக் கேள்விக்குச் சங்கத்தில் பாடம் இல்லை. மதார் குத்தூஸைப் பார்த்தான். அவர் கையைப் பிசைந்தார். மாமனைப் பார்த்தான். ஒரு சொல் போதும், போ என்றோ வேண்டாம் என்றோ. பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டானே. மனிதர் பேசாமலே நின்றார்.

வண்டி அசைந்தது.

"பிச்சையம்மாக்கா, உம்மாகிட்ட..." என்றான். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. ஓடினான். காலில் குத்தூஸ் கடன் கொடுத்த ஷூ, அவனுக்கு ஒரு அளவு பெரிது. கம்பியைப் பிடித்தான், ஒரு கால் தவறியது, யாரோ உள்ளிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். அவ்வளவுதான். வெறும் கையோடு போய்விட்டான்.

ஊருக்குள் எனக்கு முன்னால் யாரும் சேதி சொல்லிவிடக் கூடாது என்று அந்த வயதில் அப்படி நடந்தேன். காலிதா திரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணனைப் பேசாமல் இருக்கச் சொன்னதையும் சொன்னேன், அதை விடுவேனா? அவள் சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், "ஏறும்போது வண்டி நின்னுச்சா, ஓடுச்சா?" என்றாள்.

"மெல்லத்தான் ஓடுச்சு."

"விழுந்துரலையே?"

"விழுந்திருந்தா நான் இங்கன நின்னு கதை சொல்லிக்கிட்டா இருப்பேன்?"

வாவு முகம்மது அதற்குள் வந்துவிட்டார். வாசலிலேயே நின்றார். "கேட்டியா, உன் மகன் என்னைய என்ன சொன்னான்னு?"

"கேட்டேன் காக்கா. அவன் வந்ததும் நான் கண்டிக்கிறேன். நீங்க இப்பவே போயி, வெள்ளிக்கிழமைக்கு ஆள் இல்லைன்னு தோணிக்காரன்கிட்ட சொல்லிருங்க. இருட்டுறதுக்குள்ள போங்க."

அவர் போனார். காலிதா என்னைப் பார்த்தாள். அவள் சொல்வதற்கு முன்பே நான் கிளம்பிவிட்டேன்.

கரையில் வலை காய்ந்த மறைவில் நின்று கேட்டேன். தோணிக்காரன் ஏதோ முனகினான். வாவு முகம்மது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "வேற ஆளைப் பாரு. என் மருமகனுக்கு மதுரையில கம்பெனி உத்தியோகம். நானே கூட்டிட்டுப் போயி, பேசி, ரயில் ஏத்திவிட்டுட்டு வாரேன்" என்றார்.

ஓடி வந்து காலிதாவிடம் வார்த்தை மாறாமல் சொன்னேன். "ஆள் இல்லைன்னு சொல்லிட்டாகளா? நீ காதால கேட்டியா?" என்று கேட்டாள். கேட்டேன் என்றேன். அண்டாவின் மூடியை எடுத்து வைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள். அப்பாடா என்று நானும் உட்கார்ந்தேன்.

"ஒத்தக் கையாலயா, ரெண்டு கையாலயா பிச்சையம்மா கம்பியைப் பிடிச்சான்?" என்றாள்.